ரிசிகி வீட்டுக்கு வந்த படை

ரிசிகியின் விடுதியில் மூட்டைப்பூச்சி இருப்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அக்கம்பக்கத்து மரியாதை. நான் அந்த மரியாதையைக் காப்பாற்றியவள். பக்கத்து வீட்டு மிஷியிடம் மட்டும்தான் சொன்னேன். மிஷி யார் யாரிடம் சொன்னாள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

எங்களுடையது மொம்பாசாப் பக்கம், கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற தெரு. கடல் பக்கம் பெரிய ஓட்டல்கள், காட்டுப் பக்கம் நாங்கள். ஓட்டலுக்குக் கொடுக்கக் காசில்லாத வெள்ளைக்காரர்கள் ரிசிகியிடம் வருவார்கள். பவளப்பாறைக் கல் சுவர், கீற்றுக் கூரை, மூன்று அறை. தன் கல்யாண நகையை விற்றுக் கட்டினாள். புருஷன் ஹமாதி அதற்கு முன்பு குவாரியில் கல் அறுத்துக்கொண்டிருந்தான். இப்போது விருந்தாளிகளுக்கு இளநீர் சீவித் தருகிறான், அதையும் கல் அறுக்கிற மாதிரியே.

கூரையில் கரப்பான், பரணில் எலி, சுவரில் பல்லி எல்லாம் எங்கள் ஊரில் வீட்டோடு பிறந்தவை, யாரும் கண்டுகொள்வதில்லை. மூட்டைப்பூச்சி அப்படியில்லை. வெள்ளைத் தோலில் வரிசையாகக் கடித்துவைக்கும். அந்த வரிசையைப் படம் எடுத்து உலகத்துக்கே காட்டிவிடுவார்கள். ஒரு பெண் காட்டிவிட்டாள்.

அதிலிருந்து ரிசிகி செய்யாத வைத்தியமில்லை. மெத்தைகளை வெயிலில் போட்டாள். கட்டில் கால்களை மண்ணெண்ணெய் டின்களில் நிற்கவைத்தாள். மொம்பாசாவிலிருந்து ஒரு மருந்து வாங்கிவந்து அடித்தார்கள். அன்றைக்கு ஹமாதிதான் மயங்கி விழுந்தான். மூட்டைப்பூச்சிகள் ஒன்றும் விழவில்லை. அவை பகலெல்லாம் பவளக்கல்லின் துளைகளுக்குள் இருந்தன. அந்தக் கல்லில் துளைக்கா பஞ்சம்?

இந்த நிலையில்தான் ஷேபே வருவதாகச் சொல்லியனுப்பினான். சின்ன விடுதிகளுக்கு வெள்ளைக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பிவைக்கிறவன். வந்தால் டீ குடிக்கமாட்டான், நலம் விசாரிக்கமாட்டான், நேரே போய் மெத்தையைத் தூக்குவான். ஒரே ஒரு பூச்சி கண்ணில் பட்டால் போதும், அந்த விடுதிக்கு அப்புறம் ஆளே வராது. ரிசிகியின் அறைகளில் வௌவால்தான் தங்கவேண்டும், ஹமாதி மறுபடி குவாரிக்குப் போகவேண்டும். படம் எடுத்தவளின் பேச்சு அவன் காதுக்கும் போயிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் வருகிறேன் என்றிருந்தான்.

முந்தின நாள் நல்ல மழை. வியாழன் மதியம் நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் வாசல் ரிசிகியின் வாசலுக்கு நேர் எதிரே. அப்படிக் கட்டியவர் என் மாமனார். என்னைக் குறை சொல்லி லாபமில்லை. அப்போது மிஷியின் சத்தம் கேட்டது.

"சியாஃபு! ஏய், சியாஃபு வருது! பிள்ளைங்களத் தூக்குங்கடி!"

காட்டோரத்திலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு கயிறு தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. கிட்டப் போனால்தான் கயிறு முழுக்க எறும்பு என்று தெரியும். இரண்டு ஓரத்திலும் பெரிய தலைக்காரர்கள் தாடையை விரித்துக் காவல் நிற்க, நடுவில் மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் கண் கிடையாது. ஆனாலும் எங்கே போகவேண்டும் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத தெளிவு.

அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். மிஷி தன் வீட்டைச் சுற்றி அகலமாகக் கோடு போட்டாள். நான் அதைவிட அகலமாகப் போட்டேன். சாம்பல் பட்டால் சியாஃபு திரும்பும். திரும்பி அடுத்த வீட்டுக்குப் போகும். இப்படி ஒவ்வொருவரும் திருப்பித் திருப்பி விட்டதில், அந்தக் கயிறு கடைசியில் ரிசிகியின் வேலியோரம் வந்து நின்றது.

ஹமாதி மண்ணெண்ணெய் டின்னும் தீப்பெட்டியுமாக ஓடிவந்தான். "நகருங்க எல்லாரும், கொளுத்திப்புடறேன்!"

"கொளுத்து, நல்லாக் கொளுத்து. மேல கீத்துக் கூரை," என்றாள் ரிசிகி. "ஷேபே வந்து கரிக்குள்ள மெத்தையத் தேடட்டும்."

"பின்ன என்னடி பண்ணச் சொல்ற?"

அவள் கையிலும் சாம்பல் கூடை இருந்தது. அதைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவுங்க உள்ள வரட்டும்."

"யாரு?"

"அவுங்கதான்," என்று எறும்பைக் காட்டினாள். ஹமாதியைக்கூட அவள் அப்படி மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"பைத்தியமா உனக்கு?" என்றாள் மிஷி. "ஷேபே வர்ற நேரம்டி!"

"அதுக்குத்தான் அக்கா."

சியாஃபுவை உள்ளே விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ரிசிகி அலமாரிக் கதவுகளையெல்லாம் விரியத் திறந்தாள். பெட்டிகளின் மூடியை எடுத்தாள். கட்டில் கால்களுக்கு அடியிலிருந்த டின்களை உருவினாள். மெத்தைகளின் தையலைக் கத்தியால் கீறிவிட்டாள். ஹமாதி மாவு, சர்க்கரை, தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தான். அப்படியே அவர்கள் எந்த எண்ணெய் வாங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது.

கடைசி அறை மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. ஹாலந்துக்காரி அனெகே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரிசிகி கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். "எந்திரிம்மா! வெளிய வந்துடு, எறும்பு வருது!"

"எறும்பு சின்னது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரண்டு மாதத்தில் கற்ற மொழி. "எனக்கு எறும்பு பிரச்சினை இல்லை. நான் தூக்கம்."

"சின்னதுதான் தாயி," என்று கத்தினான் ஹமாதி, "ஆனா குடும்பம் ரொம்பப் பெருசு!"

அதற்குள் கயிற்றின் ஒரு பிரி ஜன்னல் வழியாக ஏறிவிட்டது போலிருக்கிறது. ஓர் அலறல், தாழ்ப்பாள் விழுகிற சத்தம், பிறகு கொசுவலையைச் சுற்றிக்கொண்டே அனெகே தெருவுக்கு ஓடிவந்தாள். வலையோடு ஒற்றைக் காலில் குதித்தாள். நானும் மிஷியும் பிடித்து உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிய்த்தோம். உடம்பு கையோடு வரும். தலை மட்டும் தோலைக் கவ்விக்கொண்டு அங்கேயே நிற்கும்.

அப்போதுதான் ஹமாதி தலையில் கைவைத்தான். "கோழி! அடுப்படியில அடைக்கு உக்காந்திருக்கே!"

உள்ளே ஓடப் போனவனின் சட்டையை ரிசிகி பிடித்துக்கொண்டாள். அந்தக் கோழி என் கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறாத நாளே இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும்.

வாசலில் கயிறு பிரிந்தது. பிரிந்து, விரிந்து, சுவர் முழுக்கப் படர்ந்து ஏறியது. வெள்ளைச் சுவர் பழுப்பாகிக்கொண்டே போவதைப் பார்த்தோம். பிறகு சத்தம் வந்தது. காய்ந்த சருகின் மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம், வீடு முழுக்க, கூரை முழுக்க. மழையில்லை, காற்றில்லை, கீற்று மட்டும் அசைந்தது.

முதலில் கரப்பான்கள் வெளியே கொட்டின. அந்தக் கூரையில் அத்தனை இருக்கும் என்று நான்கூட நினைத்ததில்லை. பல்லிகள் கீற்றிலிருந்து தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே மூடப்பட்டன. ஓர் எலி குட்டியைக் கவ்விக்கொண்டு என் கால் மேலேயே ஏறி ஓடியது, நான் கத்தவில்லை. என் கையளவு பூரான் ஒன்று வாசற்படி வரை வந்து வளைந்து வளைந்து சண்டை போட்டது. கொஞ்ச நேரத்தில் பூரான் வடிவத்தில் எறும்பு மட்டும் இருந்தது. தெருவில் யாரும் பேசவில்லை. எங்கள் தெருவில் இது நடக்காத காரியம். மிஷிகூட வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அனெகே வலையைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். காலெல்லாம் தடிப்பு, கண்ணில் தண்ணீர், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. "யார் சொல்கிறது இதுக்கு? தலைவன் எங்கே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தலைவனெல்லாம் கிடையாதும்மா," என்றான் ஹமாதி. அவன் குரலும் இறங்கியிருந்தது.

ஷேபே அந்த நேரம் பார்த்து வந்தான். அசருக்கு இன்னும் பாங்குகூடச் சொல்லவில்லை. வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக நடந்துவந்தான். தெருவே வெளியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் மௌத்தாயிட்டாங்களா?" என்றான்.

ரிசிகி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் திரும்பிப் போகிற வரிசை வாசற்படியில் இறங்கத் தொடங்கியிருந்தது. போகிற ஒவ்வொன்றின் வாயிலும் ஏதோ இருந்தது. கரப்பான் கால், பல்லி வால், பூரானின் ஒரு துண்டு. அவற்றுக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக, துவரம் பருப்பைத் தட்டையாக அழுத்தினது மாதிரி சிவப்பாக, சின்னதாக.

மூட்டைப்பூச்சிகள்.

கல்லின் துளைகளிலிருந்து, மெத்தைத் தையலிலிருந்து, கட்டிலின் இடுக்கிலிருந்து. பெரிசு, குஞ்சு, வெள்ளை முட்டை, எல்லாம். மாதக்கணக்கில் ரிசிகி யார் கண்ணிலும் படாமல் மறைத்தது, நாங்கள் தெரியாத மாதிரி நடித்தது, பட்டப்பகலில் தெரு நடுவே, ஷேபேயின் ஷூ முனைக்கு முன்னால் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. முடிவதாகவே தெரியவில்லை. ரிசிகி உடம்பில் சுற்றியிருந்த லேசோத் துணியின் நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷேபே குனிந்தான். பிறகு, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"இது எல்லாம் உன் வீட்டுலயா இருந்துச்சு?"

"ஆமா அண்ணே," என்றாள் ரிசிகி. வேறு என்ன சொல்லமுடியும்?

"படம் எடுத்துப் போட்டாளே, அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தான்."

"நெசந்தான்."

மிஷி என் இடுப்பில் இடித்தாள். ஹமாதி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். கல் அறுத்த காய்ப்பு அதில் இன்னும் போகவில்லை.

ஷேபே வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாங்கு சொன்னார்கள், ஆண்கள் அங்கேயே ஓரமாக நின்று தொழுதார்கள். ஷேபேயும் தொழுதுவிட்டு, மறுபடி அதே இடத்தில் வந்து குந்தினான். வெயில் சாய்ந்தது. சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையானது. விரிந்தது எல்லாம் சுருங்கி, திரும்பவும் கயிறாகி, காட்டுப் பக்கம் நீண்டது. வாசல் காலியானது.

ரிசிகி படியருகே போனாள். உள்ளே போவாள் என்று பார்த்தால், நின்றுவிட்டாள். அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்று, "ஹோடி," என்று குரல் கொடுத்தாள். தன் சொந்த வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. வேறொரு நாளாயிருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் சிரித்திருப்பேன். உள்ளேயிருந்து ஒரு பல்லிகூடக் குரல் கொடுக்கவில்லை.

ஷேபே ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு அவள் பின்னால் போனான். நானும் போனேன். யாராவது கூட இருக்கவேண்டாமா?

தரையில் கரப்பான் இறக்கைகள் மட்டும், கண்ணாடித் துகள் போல. கூரையில் ஒரு சிலந்தி வலைகூட மிச்சமில்லை. அடுப்படி மூலையில் கொஞ்சம் இறகும், உள்ளே ஒன்றுமில்லாத முட்டை ஓடுகளும் கிடந்தன. ஹமாதி அவற்றை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஷேபே மெத்தையைத் தூக்கினான். கட்டிலைத் தலைகீழாகப் புரட்டினான். சுவரின் துளைகளில் டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக, மூக்கு இடிக்கிற அளவு கிட்டப் போய்ப் பார்த்தான்.

"எத்தனையோ விடுதியில மெத்தையத் தூக்கிப் பாத்திருக்கேன்," என்றான் கடைசியில். "எல்லாரும் நான் வர்றதுக்கு முன்னால ஒளிச்சு வப்பாங்க. உன் வீட்டுல மட்டும்தான் உள்ள இருந்தது அத்தனையும் வெளிய வர்றதக் கண்ணால பாத்தேன்." டார்ச்சை அணைத்தான். "மெத்தையத் தச்சு வை. அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்."

ரிசிகி சிரிப்பாள், அழுவாள், குறைந்தது ஹமாதியைக் கூப்பிட்டாவது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். சாம்பல் கூடை கீழே கிடந்தது. அதைத் தொடவில்லை.

ஷேபேயின் வேன் புறப்பட முடியவில்லை. கயிறு இன்னும் தெருவைக் கடந்துகொண்டிருந்தது. அவன் ஹார்ன் அடிக்கவில்லை, ஏற்றிக்கொண்டு போகவுமில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி எங்களோடு வந்து நின்றான். ஓரத்தில் நின்ற பெரிய தலைக்காரர்கள், கடைசிச் சுமை போகிறவரை தாடையை விரித்தபடி அசையாமல் நின்றார்கள். பிறகு அவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி, சுமந்து போனவர்களின் பின்னாலேயே காட்டுக்குள் போனார்கள். நாங்கள் வழிவிட்டு நின்றுகொண்டிருந்தோம்.