அறுபது மெகாவாட்

அந்த அனல்மின் நிலையத்தில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஷிப்ட் பொறுப்பாளர். அலாரமெல்லாம் ஒன்றாகக் கத்தினாலும், "இருங்கப்பா, ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்பார். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவரும் மகளும்தான்.

ஆறு வருஷமாகத் தினமும் தொலைபேசியில் ஒரு குரல் கேட்டுவந்தார். நாட்டுக்கே மின்சாரத்தைப் பங்கிடும் கட்டுப்பாட்டு மையத்தில், எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்கிற பெண்மணி. இவருக்கு 'மேடம்'.

"இருநூறு கொடுங்க சார்."

"கொடுத்தாச்சு மேடம்."

பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் மேடத்துக்கு ஜலதோஷம் என்றால் முதல் 'ஹலோ'விலேயே இவருக்குத் தெரிந்துவிடும். மேடம் தனி ஆள் என்பதும் எப்படியோ தெரியும்.

அன்று காலையிலிருந்தே விடாத மழை. நனைந்த கரி களிமண்ணாகக் குழாயில் அப்பிக்கொண்டு, அரவை இயந்திரத்துக்குள் இறங்க மாட்டேன் என்றது. இருநூறு மெகாவாட் நூற்று நாற்பதுக்குச் சரிந்தது. நேரம் பார்த்து வேறொரு நிலையம் அடியோடு நின்றுபோனது.

போனில் மேடம் பதறினார். "சார், எங்கிட்ட மிச்சமே இல்ல. உங்க அறுபது வரலேன்னா ஒரு ஊருக்கே கரண்டை நிறுத்தணும்."

"பத்து நிமிஷம் கொடுங்க மேடம்."

"அஞ்சுதான் தாங்கும்."

"ஏழு."

"இதென்ன சந்தையா சார்? சரி, ஓடுங்க!"

ரிசீவரைக் கீழே வைக்காமல் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு நிதானம் ஓடினார். அவர் ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை. கீழே ஆட்கள் சம்மட்டியால் குழாயை அடித்துக்கொண்டிருந்தார்கள். இவரும் ஒன்றை வாங்கி அடித்தார். சட்டைக்குள் கரித்தண்ணீர் வழிந்தது. தோள் விட்டுப்போனது. கடைசியில் உள்ளே பொலபொலவென்று கரி சரிகிற சத்தம்.

மூச்சிரைக்கப் படியேறி வந்து ரிசீவரை வாங்கினார். "வருது மேடம்... நூத்தி அறுபது... நூத்தி எண்பது..."

கடைசியில் முள் இருநூறைத் தொட்டது.

"பன்னெண்டு நிமிஷம் ஆச்சு சார்" என்றார் மேடம்.

"அப்போ ஏன் நிறுத்தல?"

"நீங்க தர்றேன்னு சொல்லித் தராம இருந்ததில்லையே. வேற ரெண்டு நிலையத்துக்காரங்க கால்ல விழாத குறையா கெஞ்சி, அளவுக்கு மேல ஓட்டச் சொல்லி இழுத்துப் புடிச்சேன்."

மூன்று வாரம் கழித்து மேடம் நிலையத்தைப் பார்க்க வந்தார். உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தார் இவர். வந்தவரோ இவர் தோளுக்குக்கூட வரவில்லை, காதோரம் நல்ல நரை. என்ன செய்வதென்று தெரியாமல், நிதானம் அவரைக் கொதிகலனுக்குக் கூட்டிப்போய் கண் கூசாமலிருக்க ஒரு நீலக் கண்ணாடியை நீட்டினார். சின்னத் துவாரம் வழியாக மேடம் நெருப்பை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இதை வெறும் எண்ணாத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் மெல்ல.

"வீட்டுக்கு வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேவிட்டார் நிதானம்.

மேடம் திரும்பவில்லை. "ஒரு டீக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? சாப்பாடு போடுங்க."

நிதானம் வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தார். "அம்மாடி, இன்னொரு ஆளுக்கும் சேர்த்து..."

"காலையில மூணு தடவை சட்டை மாத்துனீங்களேப்பா" என்றாள் மகள். "எப்பவோ சமைச்சாச்சு. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."