எழவு வீட்டில் இனிப்பு

ராசம்மா மாவில் விரலை அழுத்திக் குழி போட்டுக்கொண்டே போனாள். பாண் ரொட்டி அடுக்கும் பெரிய தகரத்தட்டு அது. மாவு அதில் மெத்தை போலப் பரவியிருந்தது. அவள் போட்ட குழிகளில் பக்கீர் பாய் துண்டு துண்டாகப் பட்டர் வைத்துக்கொண்டு வந்தார். மேலே தோட்டத்திலிருந்து தப்படிக்கும் சத்தம் பேக்கரிக்குள் கேட்டது. அங்கே தொழிலாளர் லயத்தில், வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் அவளுடைய சின்னண்ணன் சோலைமலையைக் கிடத்தியிருந்தார்கள்.

"போதும் தங்கச்சி," என்றார் பாய். "மையத்த வச்சிட்டு நீங்க இங்க நிக்கிறது சரியில்ல. நான் பாத்துக்கிறேன்."

"சீனிய எப்ப தூவுறதுன்னு..."

"எனக்குத் தெரியாதா? உங்கண்ணன் இந்தப் போறணை அடுப்புக்கு முன்னாலதானே இத்தன வருஷமா நின்னாரு. நீங்க போங்க."

அவள் கையைக் கழுவிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்குவழியில் ஏறினாள்.

சோலைமலை எண்பதுகளில் ஜெர்மனிக்குப் போனவர். பிரேமன் என்கிற பழைய ஊரில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தார். அகதிக் கேஸ் பல வருஷம் இழுத்துக் கடைசியில் தோற்றுப்போக, தொண்ணூற்றேழில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவர் உடப்புசல்லாவை பஜாரில் பக்கீர் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிரேமனைப் பற்றிக் கேட்டால் போதும், பேசிக்கொண்டே இருப்பார். குளிர் வந்ததும் ஆட்கள் கைவண்டி இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே நடந்துபோய், பசி எடுத்தபிறகு ஒரு கடையில் உட்கார்ந்து கீரையைக் கடைந்து சாப்பிடுவார்களாம். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத ஆம்பளை, பெரிய கோயில் படிக்கட்டை எல்லோரும் பார்க்கக் கூட்ட வேண்டுமாம்; ஒரு பெண் வந்து முத்தம் கொடுக்கும்வரை துடைப்பத்தைக் கீழே வைக்க முடியாதாம். இவரையும் கூட்ட வைத்தார்கள்.

"ஒருத்தியும் வரலையாக்கும். அதான் இன்னும் ஒத்தக்கட்டையா திரியிறீங்க," என்பாள் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா.

"வந்தாங்களே. எங்க மொதலாளியம்மா ஹெல்கா. எழுவது வயசு. மழையில நான் நனையிறத பாக்க முடியாம வந்து கன்னத்துல குடுத்துட்டு, போய் மாவப் பெசைன்னாங்க."

லயமே சிரிக்கும். பெரியண்ணன் கந்தப்பன் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அம்மா காளியம்மா தொண்ணூற்று மூன்றில் செத்தபோது கந்தப்பன்தான் தந்தி அடித்தார். தம்பி வருவான் என்று உடலை வைத்திருந்து பார்த்தார். வரவில்லை. கொள்ளியும் குடமும் கருமாதியும் தனியாளாகச் செய்து முடித்தார். தம்பி திரும்பி வந்தபிறகு அவர்களுக்குள் பேச்சு இல்லாமல் இல்லை. தண்ணி வந்துருச்சா, கரண்டு போயிருச்சா என்கிற அளவில் இருந்தது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில், கடைசியாக நல்ல நினைவோடு இருந்தபோது, சோலைமலை தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கருமாதியெல்லாம் பெரியண்ணே பாத்துக்கும். நீ ஒண்ணு செய்யி. என்னைய பொதைச்சிட்டு வர்றவங்களுக்கு அன்னிக்கே அந்தப் பிரேமன் பட்டர் கேக்கு போட்டுக் குடு. யாரையும் வெறும் வயித்தோட அனுப்பிடாத."

சரி என்று அவள் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவளைக் கந்தப்பன் வாசலிலேயே நிறுத்தினார். எங்கே போய் வந்தாள் என்பதை யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். எழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்று தெரியாதா என்று கேட்டார். நம் வீட்டு அடுப்பு பற்றவில்லையே, பாயுடைய போறணையில்தானே வேகிறது என்றாள். அவர் குரலை இறக்கினார்.

"தீ எங்க எரிஞ்சா என்ன? இனிப்பு எந்த வீட்டுக்கு வருது? எழவுக்கு வந்தவனுக்கு கேக்கு குடுத்தா, இவன் எப்ப சாவான்னு காத்துக்கிட்டு இருந்தோம்னு பேசமாட்டானா?"

"அது ஆசப்பட்டு கேட்டதுண்ணே."

"அம்மா சாவுக்கு வராதவன். அவன் சாவுக்கு கேக்கா?"

அவள் இஸ்தோப்பில் ஏறிச் சின்னண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சொல்ல அவளிடம் ஒன்று இருந்தது. ஆனால் சொல்ல வேண்டாம் என்று அவரே தடுத்திருந்தார். இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் சாக்குச் சொன்னதுபோல இருக்கும் என்பார்.

மத்தியானம் தூக்கினார்கள். பெண்கள் லயத்துக் கோடிவரை போய் அழுதுவிட்டுத் திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஆம்பளைகள் மயானத்திலிருந்து வந்து, மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளித்து, ஈரத்தலையோடு இஸ்தோப்பில் உட்கார்ந்தபோது, பக்கீர் பாயின் ஆட்டோ வந்து நின்றது. அவரும் டிரைவருமாகத் தட்டைத் தூக்கிவந்து வாங்குப் பலகையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள்.

ராசம்மா மூடியிருந்த துணியை எடுத்தாள். பட்டர் வாசம் லயம் முழுக்கப் பரவியது. ஒருவரும் கை நீட்டவில்லை. எல்லோரும் கந்தப்பனைப் பார்த்தார்கள்.

"பட்டர் கேக்குன்னாங்க. பாய் கடை பனிசு மேல சீனி போட்டாப்புலல்ல இருக்கு," என்று மீனம்மா மெல்லச் சொன்னாள்.

"மூடு ராசு," என்றார் கந்தப்பன். "பாய் கோவிச்சுக்கக்கூடாது. எடுத்துட்டுப் போயிருங்க."

பாய் ராசம்மாவைப் பார்த்தார். அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"நம்ம அம்மாவுக்கு ரெண்டு எடத்துல எழவு நடந்துச்சுண்ணே," என்றாள்.

கந்தப்பன் நிமிர்ந்தார்.

அவள் நின்றபடியே சொன்னாள். தந்தி பிரேமன் பேக்கரிக்குத்தான் போயிருக்கிறது. பாஸ்போர்ட் அகதிக் கேஸ் நடந்த ஆபிசில் கிடந்தது, புறப்பட வழியில்லை. சின்னண்ணன் ஒருவரிடமும் சொல்லாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து ஹெல்கா அம்மாதான் கண்டுபிடித்தாள். மறுநாள் கடையைப் பூட்டினாள். அந்த ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இந்த ஒரே கேக்குதான். அதைத் தன் கையாலேயே போட்டாள். கூட வேலை செய்தவர்கள், தெருவிலிருந்தவர்கள், தபால்காரர், எல்லோரும் கறுப்பு உடுத்திக்கொண்டு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உங்கள் அம்மா என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டார்கள். கொழுந்து பறித்தாள் என்று இவர் சொன்னதும், கலந்து வைத்த காப்பியை எடுத்துப் போய்விட்டு, அன்றைக்கு எல்லோருக்கும் தேயிலைச் சாயம் ஊற்றினாள் ஹெல்கா அம்மா.

"அங்க வந்தவங்க ஒருத்தரும் நம்ம அம்மாவ பாத்தது இல்ல. ஆனா உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்காங்க. அதுக்குத்தான் அது கேட்டுச்சு."

கந்தப்பனின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா பேர சொன்னாங்களாமா?"

"சொன்னாங்களாம். வாயில வராம ஆளாளுக்கு ஒண்ணு. காலியாமா, கலீயமான்னு."

"அம்மா கேட்டிருந்தா சிரிச்சிருக்கும்," என்றார். பிறகு, "எங்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

"நீ கேக்கலண்ணே."

அவர் எழுந்தார். கேக்கில் ஒரு துண்டை எடுத்து, நின்றபடியே வாயில் போட்டு மென்றார். சீனி பல்லில் அரைபடும் சத்தம் ராசம்மாவுக்குக் கேட்டது. அவர் பக்கீர் பாயை வாங்கில் உட்காரச் சொன்னார். பாய்க்கு ஒரு பிளேன்டீ கொண்டுவரும்படி மீனம்மாவிடம் சொன்னார். அப்புறம் தட்டின் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டார்.

இஸ்தோப்பில் இருந்தவர்களைத் தாண்டி, முதலில் கீழே வாசலுக்கு இறங்கினார். அங்கே தப்புக்காரர்கள் புறப்படத் தயாராக நின்றிருந்தார்கள். என்ன என்று புரியாமல் அவர்கள் பின்வாங்கினார்கள்.

"எடுத்துக்கங்கப்பா," என்றார் கந்தப்பன். "எங்க அம்மா சாவுக்குப் போட்டது. நல்லாருக்கு."

அவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே இறங்கிப் போனார்கள். பாதி வழியில் மூத்தவர் மட்டும் நின்று, தோளில் கிடந்த தப்பை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஒரு கடி கடித்தார். மென்றபடி கொஞ்சநேரம் அங்கேயே நின்றிருந்தார்.