மூன்று முறை கழன்ற சக்கரம்

ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சென்னைக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, ஒரு பெட்டி நிறைய ஆங்கிலப் புத்தகங்களைச் சித்தூரில் எங்கள் மாலை நேர ஆங்கில வகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு வருடம் அது மூடியே கிடந்தது. ஐம்பத்தேழில்தான் வகுப்பு நடத்தும் வேதாச்சலம் சார் திறந்தார். அலமாரியில் இடம் குறைவு. ஆளுக்கு ஒன்றைப் படித்துவிட்டு, சனிக்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, இருக்கட்டுமா வேண்டாமா என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வேண்டாதவை பொட்டலம் மடிக்கப் பக்கோடாக் கடைக்குப் போகும்.

எனக்கு வந்தது ஒரு காதல் கதை. அட்டையில் குதிரை வண்டி, விசிறி பிடித்த பெண். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. பந்தயத்தில் தோற்ற ஒரு பிரபு, ஒரு மாதம் நடன வாத்தியாராக வேஷம் போடுகிறான். அவனிடம் நடனம் கற்கும் பெண், முகமே பார்த்திராத அந்தப் பிரபுவைத் திட்டிக் கடிதம் எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி வாத்தியாரிடமே கொடுக்கிறாள். அவனும் பதில் எழுதுகிறான். தினமும் அவன் எழுதித் தரும் நடனப் பட்டியலைப் பார்க்கிறவளுக்குக் கையெழுத்து அடையாளம் தெரியவில்லை. போதாக்குறைக்கு, ஒரே பாலத்தில் மூன்று முறை அவர்கள் வண்டிச் சக்கரம் கழல்கிறது. எங்கள் நகரிப் பக்கத்து வண்டிக்காரன் என்றால் முதல் தடவையே கடையாணியைப் பார்த்திருப்பான்.

நம்ப முடியாதவற்றை நோட்டில் எண் போட்டு எழுதினேன். பத்தொன்பது வந்தது. அடியில், ‘இருந்தாலும் பிடித்திருக்கிறது’ என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். நல்ல புத்தகம் எது என்று தெரியாதவன்தானோ நான் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

சாருக்கு அட்டையைப் பார்த்ததுமே ஆகவில்லை. “ஊர் ஊரா கோடு போட்டுப் பிரிச்சிக்கினு இருக்கிறாங்க. நீ இத்தப் படிச்சிக்கினு இருக்கிறியே” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பகல் முழுவதும் ஆபீசில் எல்லைத் தகராறுக்கான கிராமப் பட்டியல்களைப் பிரதி எடுப்பதுதான் என் வேலை. எந்த ஊரில் எத்தனை தமிழ் வீடு, எத்தனை தெலுங்கு வீடு. என் ஊரின் பெயரையும் நானே எழுதினேன்.

பக்கத்தில் உட்காரும் சின்னப்பன், மாங்காய் மண்டியில் வேலை பார்ப்பவன், தினமும் கேட்பான்: “என்னா சம்பத்து, வாத்தியாருக்குக் கல்யாணம் ஆச்சா, இன்னும் தபாலத் தூக்கிக்கினு இருக்கிறானா?”

வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவே முடிவு செய்திருந்தேன். வியாழக்கிழமை பட்டியல் கட்டோடு திருப்பதிக்குப் போனேன். பஸ்ஸில் புத்தகத்தை மறுபடி பிரித்தேன். இரண்டாம் முறை சக்கரம் கழன்றது நினைவிருக்கிறது. அதன்பின் பக்கம் பக்கமாகப் புரட்டியதும், கண்டக்டர் தோளைத் தட்டியதும்தான். நான் இறங்க வேண்டிய தாலுகா ஆபீசு தாண்டி, மலையடிவாரத்தில் வண்டி நின்றிருந்தது.

“எறங்குங்க சார், மலைக்கு வேற பஸ்ஸு” என்றார். “மொட்டையா, வெறும் தரிசனமா?”

வெயிலில் கட்டைச் சுமந்துகொண்டு திரும்பி நடந்தேன். ஆபீசு வாசலில், வழக்கம்போல டைரியை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பயணத்திலும் நிறுத்தம் நிறுத்தமாக மணி எழுதுகிறவன் நான். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை. அன்றைய பக்கத்தில் ‘சித்தூர் 7.10’ என்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அந்த வெற்று இடத்தைப் பார்த்தபடியே சனிக்கிழமை என்ன சொல்வது என்று தீர்மானித்தேன்.

வகுப்பில் எழுந்து நின்றேன். முதலில் பத்தொன்பதையும் படித்தேன். பாலம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சார் பக்கோடாக் கடைக் கட்டின்மேல் வைக்கப் புத்தகத்துக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லி, டைரியின் பழைய பக்கம் ஒன்றையும் வியாழக்கிழமைப் பக்கத்தையும் விரித்துக் காட்டினேன். புத்தகத்தில் மூழ்கித் தாலுகா ஆபீசைத் தாண்டிப் போனதையும் சொன்னேன். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் உடைந்தது.

“பத்தொம்பது தப்புன்னு நீதானே எழுதினே?” என்று சார் தமிழிலேயே கேட்டார்.

“ஆமா சார். நேத்து மறுபடி படிச்சேன். இருபத்திரண்டு.”

அவர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். பிறகு, வேறு யாராவது கேட்டால் இருக்கட்டும், இல்லையென்றால் கடைக்குத்தான் என்றார். யாரும் கேட்கவில்லை. நான் உட்காரவில்லை. யாராவது கேட்கும்வரை நிற்பதென்று நின்றேன்.

சின்னப்பன் கையைத் தூக்கினான். “எனக்குக் குடுங்க சார். மண்டி வண்டியும் ஒரே பாலத்துல ரெண்டு தடவ கவுந்துச்சு. மூணாவதுக்கு அந்தாளு இன்னா பண்ணான்னு பாக்கணும்.”