இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கம்

காலை ஒன்பது மணிக்கே அக்காக்காரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பின்னே என்ன, பதினொன்றரைக்குப் பதிவு அலுவலகத்தில் தங்கைக்காரியின் கல்யாணம். பத்தே முக்காலுக்கு பஸ். இங்கே இஸ்திரிப் பெட்டியின் அடியைப் பார்த்தால் தீய்ந்த சட்டியே தேவலை. பார்க்காமல் வைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டாள். வெள்ளைச் சட்டையின் பின்பக்க ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடு. உள்ளே செருகிக்கொண்டால் தெரியாது என்பது மட்டும்தான் ஆறுதல்.

வேறு சட்டை போட்டுக்கொண்டு போகலாம்தான். ஆனால் இது தங்கைக்காரி தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. நான்கு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. முந்தாநாள்தான் கைபேசியில் ஒரு செய்தி வந்தது: "வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறையுது. வர்றதுன்னா வா." அதை இருபது தடவையாவது படித்திருப்பாள். கூடப் பிறந்தவள் இருக்கும்போது வெளியாளைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் அப்புறம் இந்த ஜென்மத்தில் ஒட்டாது. ஆகவே பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். இந்தச் சட்டையில் போய் நின்றால் போதும், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

எதற்கு மன்னிப்பு என்றால், ஒரு நீல கவுனுக்கு. உள்ளே மெல்லிய வெள்ளி இழை ஓடும். அப்படி ஒரு துணி அந்த வீட்டில் அது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை உடுத்தியிருந்தாள். தங்கைக்காரி அப்போது இங்கேதான் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அக்காவின் துணியைக் கேட்காமல் எடுத்துப் போடுவது அவளுக்குப் பழக்கம். ஒருநாள் கவுனைக் காணோம். "எடுக்கலைக்கா" என்றாள் அவள். "உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாள் இவள். இரண்டு நாள் இதே பாட்டு. மூன்றாம் நாள் தங்கைக்காரி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அக்காவின் வீட்டுக்காரர் அந்த மூன்று நாளும் வாயே திறக்கவில்லை. அக்கா தங்கை சண்டையில் அவர் தலையிட மாட்டாராம்.

"ஏங்க, இதென்ன இப்படி இருக்கு?" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

வீட்டுக்காரர் பாதி சவரத்தில் எட்டிப் பார்த்தார். இஸ்திரி வேலையை நான்கு மாதமாக அவர்தான் பார்க்கிறார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறாயே, இதையாவது நான் செய்கிறேன் என்று தானாகவே முன்வந்தார். எந்தத் துணியானாலும் மேலே ஓர் ஈரத்துணியை விரித்துத்தான் தேய்ப்பார். அப்போதுதான் துணி கெடாது என்பார். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று இவள் கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தாள்.

"அது பழசும்மா. தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார்.

பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்துத் தேய்க்கிற ஆள் இவர். அவர் வாயிலிருந்தா இந்த வார்த்தை என்று அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது, ஆனால் ஆச்சரியப்பட நேரம் வேண்டுமே.

"கடை பத்தரைக்குத் திறப்பான். பத்தே முக்காலுக்கு பஸ். நான் என்ன பறந்தா போறது?"

எதிர்வீட்டு டீச்சரிடம் ஓடினாள். டீச்சர் வீட்டுப் பெட்டியின் ஒயர் கருகி இரண்டு வாரமாகிறதாம். பெட்டிதான் இல்லையே தவிர யோசனைக்குப் பஞ்சமில்லை. "உப்பைக் காகிதத்துல பரப்பி, சூடா மேல ஓட்டும்மா. போகலைன்னா பெட்டி ஆறினதும் பற்பசை. அதுக்கும் அசையலைன்னா சோடா உப்பையும் வினிகரையும் குழைச்சுத் தடவு. மரக்கரண்டியால சுரண்டு, கத்தியைக் கொண்டு போகாதே." வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னாள். அதில் ஐந்து நிமிஷம் போயிற்று.

நேற்றைய செய்தித்தாளை விரித்து, சமையலறை உப்பைக் கொட்டி, பெட்டியைச் சூடாக்கி ஓட்டினாள். உப்பு நறநறவென்றது. மேலே இருந்த கறுப்பு கொஞ்சம் உதிர்ந்தது, அடியில் பழுப்பு பல்லை இளித்தது. கூடவே ஒரு நாற்றம். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். இதை எங்கேயோ முகர்ந்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்கவிடாமல் வீட்டுக்காரர் வந்து ஜன்னலைத் திறந்தார்.

"விடும்மா. கசங்கினா யாரு பார்க்கப் போறா?"

"அவ பார்ப்பா" என்றாள்.

ஈரத்துணியை ஒற்றி ஒற்றிப் பெட்டியை ஆறவைத்தாள். பாதிக் குழாய் பற்பசையைப் பிதுக்கித் தேய்த்தாள். வேறு நாளாக இருந்தால் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு வாசல் நிலையில் சாய்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரங்கள் பளபளத்தன, நடுவில் மட்டும் அந்தச் சனியன் அப்படியே உட்கார்ந்திருந்தது. மணி ஒன்பதே முக்கால். வினிகரில் சோடா உப்பைக் குழைத்தாள், நுரைத்தது, தடவினாள், மரக்கரண்டியால் சுரண்டினாள். நகம் உடைந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பெட்டியைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லாத வீடு என்று வாய்விட்டே திட்டினாள்.

பத்து ஐந்துக்குப் பெட்டியின் முகம் ஒருவழியாகத் தெரிந்தது. நீரை ஊற்றி, சூடேற்றி, ஆவிப் பொத்தானை அமுக்கினாள். ஒரு துளைகூட மூச்சுவிடவில்லை. எல்லாம் அடைத்துக் கிடந்தன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல்குத்தும் குச்சியை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குடைந்தாள். முதல் துளையில் உப்பு. இரண்டாவதில் பற்பசை. மூன்றாவதில் குச்சியின் முனையில் மிளகளவுக்கு ஏதோ உருகி இறுகியது வந்தது.

நீலம். அதற்குள் ஒரு வெள்ளி இழை.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்த நாற்றமும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. கவுன் காணாமல் போன அன்று மாலை வீடு முழுக்க அதே நாற்றம். எதிர்வீட்டில் ஏதோ கருகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

திரும்பினாள். அவர் நிலையை விட்டு நகரவில்லை.

"ஃபோன் வந்துச்சு. பேசிட்டே பெட்டியைக் கவுன் மேலயே வெச்சுட்டேன். எடுத்துப் பார்த்தா முன்பக்கம் பூரா ஓட்டை" என்றார். "நீ அன்னைக்கு ரொம்பக் கோவமா இருந்தே. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு குப்பையில போட்டுட்டேன்."

"நாலு மாசமா நாளைக்கு?"

அவர் குனிந்து தரையில் சிந்தியிருந்த உப்பைக் கையால் கூட்டினார்.

"அவ மேல பழி விழுந்தப்ப கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தீங்களே. மனுஷனா நீங்க?"

"தப்புதான். இல்லைங்கலை" என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஆனா பழி நான் போடலையே" என்றார்.

அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அறையக் கை வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. கசங்கிய சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டாள். பெட்டியை உப்போடு ஒட்டிய செய்தித்தாளிலேயே சுற்றிப் பையில் போட்டாள். "நானும் வரட்டுமா?" என்றார் அவர். "அன்னைக்கு உட்கார்ந்த இடத்துலயே இன்னைக்கும் உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே என்னென்னவோ பேச்சைத் தயார் செய்தாள். மாமா செய்த வேலையைப் பாரு என்று ஆரம்பிப்பதாக இருந்தது.

பதிவு அலுவலகத்தின் நடையில் நீள பெஞ்சில் தங்கைக்காரி மஞ்சள் உடையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பஸ் ஓட்டுகிற மாப்பிள்ளை. மற்ற இரண்டு சாட்சிகள் அவருடைய நண்பர்கள். தங்கைக்காரி எழுந்திருக்கவில்லை. சட்டையை அடையாளம் தெரிந்துகொண்டாள், அது முகத்திலேயே தெரிந்தது.

"இஸ்திரி போடலையா?" என்றாள்.

அக்காக்காரி பையைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். நான்காவது துளையில் நீலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "மாமாதான் பொசுக்கியிருக்காரு. நீ எடுக்கலை. இங்க பாரு."

தங்கைக்காரி குனிந்து பார்த்தாள். நகத்தால் ஒரு தடவை தொட்டாள்.

"நான் எடுக்கலைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

அக்காக்காரி பெட்டியை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள்.

"நான் சொன்னப்ப நம்பலை. இந்தப் பொட்டி சொன்னதும் நம்பிட்டே, இல்லே?"

பஸ்ஸில் தயார் செய்த பேச்சு முழுக்க மாமாதான் இருந்தார். உப்பு ஒட்டிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த பதிவாளர் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பொண்ணு பக்கம் சாட்சி யாரு?" என்றார்.

அக்காக்காரிதான் ஓரடி முன்னால் வந்தாள்.

"இவங்களை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் 'உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா' என்று கத்தியது இந்த வாய்தானே. "அவ பொய் சொல்ல மாட்டா சார்" என்றாள். "எழுதிக்குங்க."

"அதை நான் கேட்கலைம்மா. தெரியுமா தெரியாதா?"

"அக்காதான் சார்" என்றாள் தங்கைக்காரி. முகத்தில் சிரிப்பில்லை. பெட்டியை வாங்கி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பேனாவை நீட்டினாள். அக்காக்காரி மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போடும்போது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"சட்டை வெளியே தொங்குது. கறை தெரியுது." சொல்லிக்கொண்டே பழுப்புக் கோடு விழுந்த ஓரத்தை வெடுக்கென்று உள்ளே செருகிவிட்டாள்.