வெறுந்தாளில் ஈயம்

மொட்டைமாடி இயந்திரம் ஊர்க்காற்றை நாள் முழுக்க உறிஞ்சி, வெள்ளை ஃபில்டர் தாளில் அழுக்கைப் பிடித்துவைக்கும். தாள் மாற்றுவது அவன் வேலை. ஒவ்வொரு கட்டோடும், ஒப்பிட்டுப் பார்க்க, இயந்திரத்தில் மாட்டாத வெறுந்தாள் ஒன்றும் ஆய்வகத்துக்குப் போகும். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது.

அன்று மத்தியானம் ஆய்வகத்து அக்கா போன் செய்தாள்.

"என்ன தம்பி, வெறுந்தாளையும் மெஷின்ல மாட்டிட்டியா? தூங்கிக்கிட்டே வேலை பாத்தியோ?"

"இல்லக்கா. ஏன்?"

"அதுலயும் ஈயம் இருக்கே! ரெண்டு தடவை பாத்துட்டேன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எதிர் மேஜை மேலாளர் சிரித்தார். "தாள் கெட்டுப்போச்சுன்னு எழுதித் தூக்கிப் போடுப்பா. இதுக்குப் போய் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

தாள் எங்கே இருந்தது என்று அவனுக்குத்தான் தெரியும். அலுவலக அலமாரியில் மழைநீர் ஒழுகியதால், யாரிடமும் சொல்லாமல் வெறுந்தாளை வீட்டில் வைத்திருந்தான். உறையின் வாய் பிரிந்து, தாள் பாதி வெளியே நீட்டியிருந்ததைப் போன வாரம் எடுக்கும்போதுதான் பார்த்தான். திட்டு விழுமே என்று சத்தமில்லாமல் ஒட்டி அனுப்பிவிட்டான். ஒரு மாதம் அது கிடந்தது படுக்கையறைச் சுவர்த்தட்டில். தட்டுக்குக் கீழே தொட்டில். ஜன்னலுக்கு நேரே, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை.

மனைவியை அழைத்தான்.

"பாப்பா எங்க?"

"இங்கதான். தவழ்ந்து தவழ்ந்து தரையைத் துடைக்கிறா. எனக்கு ஒரு வேலை மிச்சம்!"

"தூக்கு! கையை வாயில வைக்க விடாதே. ஜன்னலைச் சாத்து."

"என்னங்க ஆச்சு?"

சொன்னான். மறுமுனையில் ஜன்னலை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தத் தொட்டில்லதானே தினமும் தூங்கறா..." அவள் குரல் உடைந்தது.

"ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கான்னு பாத்துடலாம். ஆஸ்பத்திரிக்கு வந்துடு. நானும் வரேன்."

ஆய்வகப் படிவத்தை இழுத்து எழுதினான்: 'தாள் வைத்திருந்த இடம் என் வீடு, குழந்தையின் தொட்டிலுக்கு மேல். உறை திறந்திருந்தது.'

மேலாளர் எட்டிப் பார்த்துப் பதறினார். "யோவ், வேலை போயிடும்யா!"

"போகட்டும் சார். கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டா, அந்தக் கொட்டகைப் பக்கம் யாரு எட்டிப் பாப்பாங்க?"

போட்ட கையெழுத்து யாருடையதோ போலக் கோணிக் கிடந்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. மூச்சை இழுக்கவே பயமாக இருந்தது. எவ்வளவு நேரம்தான் அடக்குவது? இழுத்துக்கொண்டே ஓடினான்.