மீனம்மாவின் ஊக்கு

உயர வளர்ந்த செடியைக் கவ்வாத்து வெட்டித் தறிப்பதில் செல்லசாமியை மிஞ்ச நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் ஆளில்லை. அந்த வளைந்த கத்தியை அவன் கையில் எடுத்தால் தேயிலைச் செடிகள் வரிசையாகத் தலை குனியும், கங்காணி வாயடைத்து நிற்பார். அப்பேர்ப்பட்டவன் ஒரு சின்ன ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் செத்துப் பிழைத்தான் என்றால் யார் நம்புவார்கள்?

எல்லாம் முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதம் தொடங்கியது. பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பொன்னையாவுக்குக் குஷ்டம் என்று கண்டுபிடித்தார்கள். பாதத்தில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் பாவி மனுஷன் மலையேறி வேலை செய்திருக்கிறான். அவனைக் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் பாயையும் துணிமணியையும் வாசலிலேயே போட்டுக் கொளுத்தினார்கள்.

மறுநாளே செல்லசாமிக்கு வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனதுபோல் இருந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் மனைவி மீனம்மாவின் ரவிக்கை ஊக்கை வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலில் குத்திப் பார்ப்பான். சுருக்கென்றால் மத்தியானம்வரை நிம்மதி. பனி கொட்டுகிற காலையில் சுருக்கென்று படாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மலை முழுக்க அந்த நேரத்தில் எல்லோருக்கும் விரல் விறைத்துத்தான் கிடக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"டிஸ்பென்சர் ஐயாகிட்ட ஒரு நட காட்டிட்டு வாங்களேன்" என்பாள் மீனம்மா.

"காட்டுனா எழுதிருவாரு. எழுதுனா கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்பறம் ஒன்ன யாரு பாப்பா?"

அந்தப் பயத்தில் பொய்யில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். தன்னிடமிருந்து அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று தட்டைத் தனியே வைத்தான், பாயைத் தனியே விரித்தான். அவள் கையைத் தொடுவதையும் நிறுத்தினான்.

வைகாசியில் ஒரு காலை. அவன் குத்திக்கொண்டு முகம் சுண்டி உட்கார்ந்திருந்தான். மீனம்மா ஊக்கைப் பிடுங்கித் தன் சுண்டுவிரலிலேயே குத்திக் காட்டினாள்.

"இந்தா பாருங்க, எனக்குந்தான் வலிக்கல. அதுக்காக நான் சாப்புடாமயா கெடக்கேன்?"

செல்லசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைத் தேத்துறதுக்காக வெளையாடாத புள்ள! ஒனக்கு என்ன தெரியும்?"

அவள் ஊக்கைத் துடைத்து ரவிக்கையில் மாட்டிக்கொண்டு கொழுந்துக் கூடையை எடுத்தாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் இறக்குவாள். "மீனம்மாவுக்குக் கை இரும்பு" என்று லயமே மெச்சும், செல்லசாமிக்கும் அதில் பெருமைதான். கொழுந்து கிள்ளக் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் போதும். மற்ற இரண்டும் மெல்ல மடங்கியதை மலையில் ஒருவரும் கவனிக்கவில்லை. வீட்டில் கவனிக்க வேண்டியவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசியில் அவன் குத்திக் குத்தி வைத்த விரல் சீழ்பிடித்து வீங்கியது. கங்காணி திட்டி, டிஸ்பென்சரிக்கு விரட்டினார். கூடவே மீனம்மாவும் போனாள்.

டிஸ்பென்சர் கணேசமூர்த்தி சீழை எடுத்துக் கட்டுப்போட்டார். பிறகு அவனைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிடரி, முழங்கை, விரல் எல்லாம் பார்த்தார்.

"ஒனக்கு ஒண்ணுமில்ல. கத்திய வருஷக்கணக்கா இறுக்கிப் புடிச்சதுல நரம்பு அமுங்கியிருக்கு. பிடியில துணியச் சுத்து, சரியாயிரும். இந்த ஊசி குத்துற பைத்தியத்த விடு."

செல்லசாமி பொலபொலவென்று அழுதான். ஏழு மாதச் சுமை இறங்கியது. அவனைப் பார்த்து ஐயாவுக்கே மனம் இளகி, இருவருக்கும் தகரக் குவளையில் பால் விடாத பிளேன்டீ சுடச்சுட வரவழைத்தார். செல்லசாமி குவளையைத் தொட்டதும் "ஆத்தாடி!" என்று பெஞ்சில் வைத்துவிட்டான். மீனம்மா உள்ளங்கை முழுக்கப் பொத்திப் பிடித்துக்கொண்டு அவன் சந்தோஷத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணேசமூர்த்தி சிரிக்கவில்லை. "அம்மா, அதக் கீழ வையி. கையக் காட்டு."

கொழுந்துக் கறை படிந்த கையைத் திருப்பிப் பார்த்தார். பழைய தீப்புண் வடுக்கள். மடங்கிய சுண்டுவிரல் நிமிரவில்லை. முழங்கையில் நரம்பு தடித்திருந்தது. ஊசியால் குத்தினார், அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"வைகாசிக்கு முந்தியே இருந்துச்சுங்க. இவங்ககிட்டகூடச் சொன்னேனே." அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அப்போதே வந்திருந்தால் விரலையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் ஐயா. செல்லசாமிக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. அடிப் பாவி, நீ சொன்னாயே, நான்தானே உன் வாயை அடைத்தேன் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பத்து நாளில் ஹட்டன் ஸ்டேஷனில் நின்றார்கள். பொன்னையா போன அதே ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போக வந்த உத்தியோகத்தர் நான்கடி தள்ளி நின்றார். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் மீனம்மா திரும்பினாள்.

"அந்த ஊக்கக் குடுங்க. ரவிக்கைக்கு வேற இல்ல."

கைமறதியாய் மடியில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தான். மடங்கிய விரல்களோடு தடுமாறி மாட்டினாள். முனை சுண்டுவிரலில் ஏறி ரத்தம் துளிர்த்தது. அவளுக்குத் தெரியவில்லை. வண்டியில் இடம் கிடைக்குமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்தியோகத்தர் "தொடாதே" என்றார். ஏழு மாதமாகத் தொடாத அந்தக் கையைச் செல்லசாமி இரண்டு கையாலும் பிடித்து, வேட்டி நுனியால் ரத்தத்தைத் துடைத்தான்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் மீனம்மா.