கேப்டன் கையில் ஊதா

அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்த சின்னவள், அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தாள். கேப்டனின் சுடர்க்கோல் ஊதா நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடமாக அது நீலம்.

விண்வெளிப் படக்கதை ஒன்றை மாதாமாதம் கொண்டுவரும் குடும்பம் அது. அக்கா எழுதுவாள், அக்கா புருஷன் வரைவார், தங்கை சின்னவள் வண்ணம் பூசுவாள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டே அறை. ஒன்றில் அக்காவின் மேஜை, மற்றதில் இவர்கள் இருவரும், கயிற்றில் காயப்போட்ட தாள்களும். பதினேழு கிரகங்களும் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

அந்தக் கிரகங்களில் ஆயுதம் என்றால் சுடர்க்கோல்தான். அதன் நிறத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. பிடித்திருப்பவர் மனதில் உள்ளதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கொடுத்த வாக்கில் நிற்பவர் கையில் நீலம். அடுத்தவரைக் காக்க நிற்பவருக்குப் பச்சை. பழிவாங்கத் துடிப்பவனுக்குச் சிவப்பு. அவன் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் கோல் மானத்தை வாங்கிவிடும். ஊதாதான் பொல்லாத நிறம். கூட இருப்பவர்களை விட்டுப் போவதென்று உள்ளுக்குள் முடிவெடுத்தவர் கையில், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அது எரிய ஆரம்பித்துவிடும்.

கேப்டனுக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. நீலம் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் முதலில் ஊதாவை மெலிதாகப் பூசி, காய்ந்த பிறகு மேலே நீலத்தை ஏற்ற வேண்டும். அது சின்னவள் தானே கண்டுபிடித்த வித்தை, அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அன்றைக்கு ஊதாவைப் பூசிவிட்டு, காயட்டும் என்று டீ குடிக்கப் போனாள். வேலை முடிந்துவிட்டதாக நினைத்து மாமா தாள்களை அள்ளிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடிவிட்டார்.

"அடுத்த இதழ்ல திருத்தம்னு ஒரு வரி போட்டுட்டா போச்சு," என்றார் மாமா, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

அக்கா முறைத்தாள். அந்தப் பத்திரிகையில் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அச்சில் வந்தது நடந்தது, அவ்வளவுதான். முதல் வருடம் மாமா அவசரத்தில் கேப்டனின் இடது கையில் ஆறு விரல் வரைந்துவிட்டார். அக்கா இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அவன் கிரகத்தில் எல்லோருக்குமே அப்படித்தான் என்று ஒரு வரலாற்றையே எழுதிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கிரகத்து ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள் என்றாலே மாமாவுக்கு ஜுரம் வந்துவிடும்.

"கேப்டன் போகட்டும்," என்றாள் அக்கா. "மூணு இதழ்ல அனுப்பி வெச்சிடறேன்."

சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உலகத்தில் அவள் பார்த்த ஆண்களில் கேப்டன் அளவுக்குத் தேறியவன் ஒருவனும் இல்லை. ஒரு விரலுக்கு இரண்டு வாரம் யோசித்தவள், ஆளையே ஒரு நிமிஷத்தில் கைகழுவுகிறாளே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"அது வேற யாரோட கோலோன்னு எழுதேன்."

"அடுத்தவங்க கையில எரியாது. எட்டாவது இதழ்லயே சொல்லியாச்சு."

"கேப்டனுக்குத் தூக்கக் கலக்கம்னு..." என்று ஆரம்பித்த மாமாவை இருவருமே பார்த்த பார்வையில், அவர் பென்சிலைச் சீவப் போய்விட்டார்.

"ஒரே ஒரு நாள் குடுக்கா," என்றாள் சின்னவள்.

மறுநாள் காலையிலேயே வந்து, பரணிலிருந்த பழைய இதழ்கள் அத்தனையையும் இறக்கித் தரையில் பரப்பினாள். முந்தின நாள் வந்ததோடு சேர்த்து நூற்றியேழு இதழ்கள். சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஊதா நிறத்தை மட்டும் தேடிக்கொண்டே போனாள். பசித்தபோது ஒரு பன்னைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலம் மூக்கிலும் நெற்றியிலும் தூசியோடு அக்காவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஊதா வந்த நாலு பேரும் போயிட்டாங்கதான். ஒத்துக்கறேன். ஆனா ஏன் போறீங்கன்னு அவங்கள்ல யாரையாவது ஒருத்தர் கேட்டாங்களா? கோலைப் பார்க்கறாங்க, கண்ணைத் தொடைச்சுக்கறாங்க, வழி விடறாங்க. நூத்தியேழு இதழ்லயும் அப்படித்தாங்கா எழுதியிருக்கே."

"கேட்டா?"

"கேட்டா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? முடிவெடுத்தா போயே ஆகணும்னு கோல் எங்க சொல்லுச்சு? கப்பல் சமையல்காரர் கேக்கட்டுமே."

அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"நூத்திப் பத்தோட நிறுத்திடலாம்னு இருந்தேன்டி," என்றாள். "கேப்டனை மட்டும் இல்ல. எல்லாத்தையும். உங்க மாமாகிட்டகூடச் சொல்லலை. மூணாம் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. என்னைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் நீ ஊதா பூசினியோன்னு நெனச்சேன்."

பக்கத்து அறையில் ரப்பர் தேய்க்கும் சத்தம் நின்றது.

சின்னவளுக்கு முதலில் கோபம் வந்தது, அதன் பின்னாலேயே பயம். காலையிலிருந்து கேப்டனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தவள், போகப்போவது யார் என்று தெரியாமலேயே இருந்திருக்கிறாள்.

"ஏன்க்கா போறே?" என்று கேட்டாள்.

அக்காவிடம் காரணங்கள் தயாராகத்தான் இருந்தன. எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது என்பது ஒன்று. தன்னால் இவர்கள் இருவரும் இந்த இரண்டு அறைக்குள் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரியது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே, ஒரு கேப்டனுக்காக நாள் முழுக்கத் தரையில் கிடந்து எழுந்து வந்தவள், மூக்கில் தூசியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அட, இப்ப ஒண்ணும் வர மாட்டேங்குதே," என்று சிரித்த அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நானும்தான் கேக்கறேன்," என்றார் மாமா அந்த அறையிலிருந்தபடியே. "பதில் வரணும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு புதுத் தாளை இழுத்தாள். சமையல்காரர் கேட்கிறார். கேப்டன் வாயைத் திறக்கிறான், ஒன்றும் வரவில்லை.

"அப்புறம்?" என்றாள் சின்னவள்.

"அப்புறம் என்ன," என்றாள் அக்கா, எழுதிக்கொண்டே. "சாப்பிட உக்காருறான்."